ஒரே வீட்டில் மூன்று விதம்: பிள்ளைகளுக்குக் காசு பழக்குவது எப்படி

கோவில்பட்டியில் பலசரக்குக் கடை வைத்து 22 வருஷமாகிறது. கல்லாவுக்குப் பின்னால் நின்று நின்று, பிள்ளைகள் காசைப் பிடிக்கிற விதத்தைக் கவனிக்கிற பழக்கம் வந்துவிட்டது. உள்ளங்கைக்குள் பொத்திப் பொத்தி வேர்வையோடு நாணயத்தை நீட்டும் பிள்ளை உண்டு. படியேறும்போதே கையை நீட்டிவிடும் பிள்ளை உண்டு. கடலை மிட்டாயை வாங்கி வாசலிலேயே நாலு பேருக்கு ஒடித்துக் கொடுத்துவிட்டு, ஒட்டியிருக்கும் பாகை மட்டும் நக்கிக்கொண்டு போகும் பிள்ளையும் உண்டு. இந்த மூன்று பேரும் என் வீட்டிலேயே வளர்கிறார்கள் என்று எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின.

மூத்தவள் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. கைக்கு வந்த காசு வெளியே போகாது. நடுவுள்ளவன் எட்டாம் வகுப்பு. காலையில் கொடுத்தது சாயங்காலம் இருக்காது. சின்னவள் நாலாம் வகுப்பு. அவள் காசு யார் யாருக்கோ போகும், அவளுக்கு மட்டும் போகாது. ஒரே அடுப்பு, ஒரே அப்பா அம்மா, ஒரே கடை. நானோ மூன்று பேருக்கும் ஒரே பாடத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன்: சேர்த்து வை, சேர்த்து வை. அது அவர்களில் ஒருவனுக்குத்தான் தேவைப்பட்ட பாடம். அவனுக்கும் சொல்லால் அது போய்ச் சேரவில்லை.

ஒன்றுக்கு மேல் பிள்ளைகள் இருந்து, காசு விஷயத்தில் ஒருத்தர் கிழக்கே ஒருத்தர் மேற்கே நிற்கிற வீடுகளுக்காக இதை எழுதுகிறேன். எங்களுக்குப் பலித்ததையும் பலிக்காததையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒரு மாதம் வாயைத் திறக்காமல் பாருங்கள்

சட்டம் போடுவதற்கு முன்னால் பார்க்க வேண்டும். மூன்று வருஷத்துக்கு முன்னால் செண்பகவல்லி அம்மன் கோயில் பங்குனித் திருவிழாவில் மூன்று பேருக்கும் ஆளுக்கு 100 ரூபாய் கொடுத்தேன். "எதுக்குன்னு கேக்க மாட்டேன், மிச்சம் எங்கன்னும் கேக்க மாட்டேன்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். நடுவுள்ளவன் ஏழு மணிக்கெல்லாம் வெறுங்கையோடு நின்றான். ராட்டினம் இரண்டு முறை, பஞ்சுமிட்டாய், ஒரு தண்ணீர்த் துப்பாக்கி. சின்னவளுக்கு அப்போது ஆறு வயது. சிநேகிதிக்கு வளையல், அம்மாவுக்கு ஹேர்பின், ஆச்சிக்கு ஒரு விசிறி வாங்கியிருந்தாள். மூத்தவள் 100 ரூபாய் நோட்டை மடிப்புக் கலையாமல் திரும்பக் கொண்டுவந்தாள். அந்த வெக்கையில் ஒரு சர்பத் கூடக் குடிக்கவில்லை.

இப்படிப் பார்க்கும்போது எவ்வளவு செலவானது என்று மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள். காசு கையை விட்டுப் போகிற நொடியில் பிள்ளையின் முகத்தைப் பாருங்கள். நடுவுள்ளவன் முகத்தில் அந்த நொடியில் சந்தோஷம் இருக்கும். சின்னவள் வாங்குகிறவர் முகத்தைப் பார்ப்பாள். மூத்தவள் முகத்தில் வலி இருந்தது. ஊசி போடும்போது வேறு பக்கம் பார்ப்பார்களே, அது மாதிரி. ரொம்ப நாளாக அதைப் பொறுப்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த உணர்ச்சி பிள்ளைகளிடம் சின்ன வயதிலேயே இருக்கிறது. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 5 முதல் 10 வயதுப் பிள்ளைகளை வைத்து நடத்திய ஆய்வு 2018இல் வெளிவந்தது. செலவு செய்தால் மனம் நோகிற பிள்ளை, தாராளமாகச் செலவழிக்கிற பிள்ளை என்ற வேறுபாடு அந்த வயதிலேயே தெரிகிறது, உண்மையாகக் கையில் காசு கொடுத்துப் பார்த்தபோதும் அந்த மனப்படியேதான் நடந்தார்கள் என்று அதில் கண்டிருக்கிறார்கள். கடைக்கு வரும் டீச்சர் ஒருவர் சொல்ல, மூத்தவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அன்றைக்குத்தான் "நான் வளர்த்த லட்சணம்" என்ற குமுறல் கொஞ்சம் தணிந்தது. மூன்று பேரும் மூன்று விதமாக வந்திருக்கிறார்கள், அவரவருக்கு ஏற்றபடி பழக்குவது என் வேலை.

அந்த மாதத்தில் வீட்டில் மூன்று வார்த்தைகளை நிறுத்தினோம்: கஞ்சம், ஊதாரி, ஏமாளி. விளையாட்டுக்குச் சொன்னாலும் பிள்ளை அந்தப் பேருக்கு ஏற்ற மாதிரி நடக்கத் தொடங்கும். "அக்காவைப் பாரு" என்பதையும் நிறுத்தினோம். அதை நிறுத்துவதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது.

பிள்ளையின் காசை எடுத்தால் சொன்ன தேதிக்குள் திருப்பிக் கொடுங்கள்

நடுவுள்ளவன் பிறவியிலேயே இப்படியா என்று யோசித்தபோது ஒன்று நினைவுக்கு வந்தது. அவனுக்கு எட்டு வயதில், மாமா கொடுத்தது, தீபாவளிக் காசு, காது குத்துக்கு வந்தது என்று 2,500 ரூபாய் டப்பாவில் வைத்திருந்தான். கியர் சைக்கிள் வாங்க வேண்டும் என்று ஆசை. அந்த வருஷம் தீபாவளிச் சரக்கு எடுக்க எனக்குக் காசு முட்டியது. "பத்து நாள்ல தாரேன்யா" என்று அதை எடுத்தேன். நாலு மாதம் கழித்து அம்பதும் நூறுமாகக் கொடுத்தேன். கடைசி 400 ரூபாயைக் கொடுக்கவே இல்லை, மறந்தும் போனேன். அவன் மறக்கவில்லை. பத்து வயதில் ஒருநாள், "சேர்த்து வைக்க மாட்டியா?" என்று அதட்டினேன். நிதானமாகச் சொன்னான்: "வச்சிருந்தா நீங்க எடுத்துருவீங்கப்பா."

நம் வீடுகளில் இது சர்வசாதாரணம். ஊரிலிருந்து வருகிற சித்தப்பா பிள்ளை கையில் 200 ரூபாய் வைப்பார். அவர் பஸ் ஏறும் முன்பே "குடு, அம்மா வச்சிருக்கேன்" என்று வாங்கிவிடுவோம். அந்தக் காசு பாலுக்கோ கேஸ் சிலிண்டருக்கோ போய்விடும். எல்லாம் பிள்ளைக்காகத்தானே செலவாகிறது என்பது நம் நியாயம். பிள்ளைக்குத் தெரிவது ஒன்றுதான்: வைத்திருந்தால் போய்விடும், இப்போதே தின்றால் நம்முடையது.

மிட்டாய் வைத்துப் பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்லும் சோதனையைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். காத்திருந்தால் இரண்டாவது மிட்டாய். அதையே ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் 28 சின்னப் பிள்ளைகளை வைத்து வேறு மாதிரி செய்து பார்த்து 2012இல் வெளியிட்டார்கள். பாதிப் பேரிடம் "நல்ல கலர் பென்சில் கொண்டுவருகிறேன்" என்று முதலில் சொல்லிவிட்டு, சொன்னபடி கொண்டுவந்தார்கள். மீதிப் பேரிடம் சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்கள். பிறகு மிட்டாய்ச் சோதனை. பெரியவர் வாக்கைக் காப்பாற்றிப் பார்த்த பிள்ளைகள் சராசரியாக 12 நிமிஷம் காத்திருந்தார்கள். ஏமாந்த பிள்ளைகள் 3 நிமிஷம்தான். இதைக் கேட்டபோது எனக்கு அந்த 400 ரூபாய்தான் ஞாபகம் வந்தது. அன்று ராத்திரியே எடுத்துக் கொடுத்து, "அப்பா செஞ்சது தப்புய்யா" என்று சொன்னேன்.

எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. கைமுட்டுப்பாடு எந்த வீட்டில் இல்லை? எடுத்தால் நோட்டில் எழுதுங்கள்: தேதி, தொகை, திருப்பும் நாள். பிள்ளை கையெழுத்துப் போடட்டும். சொன்ன நாளைக்கு ஒருநாள் முன்னதாகவே கொடுத்துவிடுங்கள். நாலைந்து முறை இப்படி நடந்த பிறகுதான் அவன் டப்பாவில் மறுபடி காசு தங்கியது.

வாரக் காசு

கேட்கக் கேட்க அஞ்சும் பத்துமாகக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் காசைப் பழகாது, கேட்பதைத்தான் பழகும். எவ்வளவு கொடுப்பது என்று திகைக்க வேண்டாம். இரண்டு வாரம், துண்டு துண்டாகக் கொடுப்பதையெல்லாம் எழுதிப் பாருங்கள். எங்கள் வீட்டில் நடுவுள்ளவனுக்கு மட்டும் வாரம் 80 ரூபாய் போய்க்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாமல் அம்மா கொடுத்தது, அவளுக்குத் தெரியாமல் ஆச்சி கொடுத்தது எல்லாம் அதில் சேர்த்தி. அதற்குக் கொஞ்சம் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள். இப்போது சின்னவளுக்கு 30, நடுவுள்ளவனுக்கு 70, மூத்தவளுக்கு மாதத்துக்கு ஒரே தடவையாக 500.

சனிக்கிழமை காலை, கடை திறக்கும் முன் கொடுக்கிறோம். வியாபாரம் நன்றாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்குக் கொடுத்துவிடுவோம். மார்க்குக்காகக் குறைப்பது கூட்டுவது கிடையாது. பாத்திரம் விளக்கினால் காசு என்பதும் கிடையாது. பாத்திரம் விளக்குவது வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் உள்ள வேலை. கடையில் வந்து பொட்டலம் மடித்தால் மட்டும் தனிக் கூலி உண்டு.

மூன்று டப்பா முறையை, அதாவது செலவுக்கு ஒன்று, சேமிப்புக்கு ஒன்று, தர்மத்துக்கு ஒன்று என்று பிரிப்பதை, மூன்று பேருக்கும் வைத்துப் பார்த்தோம். மூத்தவள் எல்லாவற்றையும் சேமிப்பு டப்பாவில் போட்டாள். நடுவுள்ளவன் சேமிப்பு டப்பாவிலிருந்து தன்னிடமே கடன் வாங்கினான். சின்னவளுக்கு மட்டும்தான் அது ஒத்துவந்தது. மற்ற இருவருக்கும் நிறுத்திவிட்டோம்.

சேர்க்கிற பிள்ளை

இங்கேதான் நான் அதிகம் பேச வேண்டும். செலவாளிப் பிள்ளையைப் பற்றி எல்லோரும் கவலைப்படுகிறார்கள். சேர்க்கிற பிள்ளையைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை, பெருமைதான் படுகிறோம். நானும் கடைக்கு வருகிறவர்களிடம் "என் மக ஒத்தப் பைசா வீணாக்க மாட்டா" என்று சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். அவள் காதில் விழும்படியே சொன்னேன்.

அவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது வகுப்பாசிரியை கூப்பிட்டனுப்பினார். கரும்பலகை தெரியாமல் மூன்று மாதமாகப் பக்கத்துப் பிள்ளை நோட்டைப் பார்த்து எழுதுகிறாள் என்றார். டாக்டரிடம் காட்டினால் இரண்டு கண்ணிலும் மைனஸ் இரண்டேகால். "ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன். "கண்ணாடி ரெண்டாயிரம் ஆகும்னு சொன்னாங்கப்பா. நீங்க ராத்திரி அம்மாகிட்ட வட்டி கட்டணும்னு பேசிட்டிருந்தீங்க" என்றாள். அவள் டப்பாவைத் திறந்து எண்ணினோம். 3,860 ரூபாய் இருந்தது. அதைத் தனக்காக எடுக்கலாம் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

எனக்கு உடனே என் அம்மா நினைவு வந்தது. 2016 நவம்பர் 8ஆம் தேதி ராத்திரி, 500 ரூபாய் 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்ற அறிவிப்பு வந்ததே, அதற்கு இரண்டு நாள் கழித்து அம்மா அடுக்குப் பானைக்குள்ளிருந்து ஒரு மஞ்சப்பை எடுத்து வந்தார். 23 ஐநூறு ரூபாய் நோட்டு. சிறுவாட்டுக் காசு. டிசம்பர் 30 வரை கெடு இருந்ததால் வரிசையில் நின்று வங்கியில் கட்டிவிட்டோம். ஆனால் அதற்கு முந்தின வருஷம்தான் அம்மா பல்வலியில் கிராம்பை அடக்கிக்கொண்டு ஒரு வாரம் சுருண்டு படுத்திருந்தார், "காசு எங்க கெடக்கு" என்று ஆஸ்பத்திரிக்கு வர மறுத்தார். அந்த மஞ்சப்பை அப்போதும் பானைக்குள்தான் இருந்தது. மூத்தவள் போகிற பாதை அதுதான் என்று பட்டது.

பயத்தில் சேர்க்கிற பிள்ளைக்கு முதலில் செய்ய வேண்டியது, எது யார் செலவு என்பதைத் தெளிவாகச் சொல்வது. பீரோக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டினோம். அப்பா அம்மா செலவு: கண்ணாடி, மருந்து, செருப்பு, உள்ளாடை, நாப்கின், நோட்டு, பஸ், பரீட்சைக் கட்டணம். "இதுல எது வேணும்னாலும் கேக்கணும். கேக்காம இருந்தாத்தான் தப்பு" என்று எழுதினோம். நாப்கினை என் மனைவி எழுதச் சொன்னார். அதைக்கூட அவள் எண்ணி எண்ணி உபயோகித்துக்கொண்டிருந்தாளாம், எனக்குத் தெரியவே தெரியாது.

இரண்டாவது, கணக்கைக் காட்டுவது. இருட்டில் காதில் விழுந்த "வட்டி" என்ற சொல் பிள்ளை மனதில் மலையாக வளரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளைக் கல்லாப்பெட்டி பக்கத்தில் உட்கார வைத்தேன். கடை வாடகை, கரண்ட் பில், கடன் தவணை, பாக்கி வர வேண்டியவர்கள், மாதம் கையில் நிற்பது எல்லாவற்றையும் பேரேட்டில் காட்டினேன். இரண்டு மணி நேரம் கேள்வி கேட்டாள். கடன் எப்போது முடியும் என்று தேதியைத் தெரிந்துகொண்ட பிறகுதான் முகம் இளகியது. எட்டு வயதுப் பிள்ளையிடம் இதைச் செய்யாதீர்கள். பதின்மூன்று வயதுக்கு மேல் தாங்குவார்கள். ராத்திரி நாம் பேசுவதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருக்கிறார்கள் என்பதை மறக்கவே வேண்டாம்.

மூன்றாவது, செலவு செய்யப் பழக்குவது. அவள் காசில் மாதம் 100 ரூபாய் அவளுக்காகவே போக வேண்டும், பாட நோட்டுக்குப் போகக் கூடாது. முதல் மாதம் பேனா வாங்கினாள், தள்ளுபடி செய்தோம். இரண்டாம் மாதம் தம்பிக்கு வாங்கினாள், அதையும் தள்ளினோம். மூன்றாம் மாதம் அம்மாவோடு போய் ஒரு சின்ன ஜிமிக்கி வாங்கி வந்தாள், கவரிங்தான். இரண்டு நாள் போடவில்லை. மூன்றாம் நாள் போட்டாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. "நல்லாருக்கே, எவ்வளவு?" என்று நாம் விலையைக் கேட்டாலே அந்தப் பிள்ளைக்குச் சுருக்கென்று ஆகிவிடும்.

சேர்த்த காசைப் பறிக்கவும் வேண்டாம். டப்பாவில் கிடப்பதை வேறு இடத்துக்குக் கொண்டுபோங்கள். அஞ்சலகத்தில் 10 வயது முடிந்த பிள்ளை தன் பேரிலேயே சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ளலாம், தானே கையெழுத்துப் போட்டு எடுக்கலாம். 500 ரூபாயில் தொடங்கலாம். மாதம் 100 ரூபாயிலிருந்து கட்டுகிற தொடர் வைப்பு 5 வருஷத்துக்கு. வங்கிகளிலும் 10 வயதுக்கு மேற்பட்டவர்கள் கணக்கைத் தாங்களே நடத்தலாம் என்று ரிசர்வ் வங்கி 2025 ஏப்ரலில் திருத்திய விதிகள் சொல்கின்றன. எவ்வளவு வரை என்பதை அந்தந்த வங்கி முடிவு செய்யும். எடுக்கிற படிவத்தையும் பிள்ளையே நிரப்பட்டும். போடுவதைப் போலவே எடுப்பதையும் செய்து பார்க்க வேண்டும்.

செலவழிக்கிற பிள்ளை

நடுவுள்ளவனுக்குப் புத்திமதி எத்தனை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. பலித்தது ஒரு 40 பக்க நோட்டுதான். வேண்டியதை அதில் எழுத வேண்டும்: பொருள், விலை, தேதி. அடுத்த சனிக்கிழமை வரை பொறுக்க வேண்டும். அப்போதும் ஆசை இருந்தால் அவன் காசு, அவன் வாங்கலாம், நாங்கள் குறுக்கே நிற்க மாட்டோம். 50 ரூபாய்க்குக் கீழே உள்ளதற்கு இந்தச் சட்டம் இல்லை. முதல் ஆறு மாதத்தில் 31 பொருள் எழுதியிருந்தான், அதில் 19ஐ அவனே அடித்துவிட்டான். நான் அடித்திருந்தால் 19 சண்டை வந்திருக்கும்.

குறுக்கே நிற்க மாட்டோம் என்றால் நிஜமாகவே நிற்கக் கூடாது. ஒரு தடவை 350 ரூபாய்க்கு ஒரு ரிமோட் கார் வாங்கினான். மூன்றாம் நாள் சக்கரம் கழன்றது. அந்த வாரமே பள்ளியில் குற்றாலம் கூட்டிப் போனார்கள். போகிற கட்டணம் எங்கள் செலவு, அங்கே வாங்கித் தின்ன அவன் காசு. கையில் ஒன்றும் இல்லாமல் போனான். என் மனைவிக்குப் பொறுக்கவில்லை, நூறு ரூபாயைப் பைக்குள் திணிக்கப் போனார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அன்று பூராவும் சோறு இறங்கவில்லை. ஆனால் அந்த வயதில் 350 ரூபாயில் படுவது, முப்பது வயதில் மூன்று லட்சத்தில் படுவதை விட எவ்வளவோ மேல். வந்த பிறகு "சொன்னேன்ல" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பட்டது போதும்.

கைக்காசுக்குப் பதிலாகப் போன் வந்திருப்பது இந்தப் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து. என் கடையில் கியூஆர் அட்டையும் சத்தம் போடும் பெட்டியும் இருக்கின்றன. அந்தப் பெட்டி தொகையைச் சொல்லும்போது வாங்குகிறவர் கையிலிருந்து எதுவும் குறைவதைப் பிள்ளை பார்ப்பதில்லை. போன வருஷம் இவன் தன் அம்மா போனில் கேம் விளையாடும்போது இரண்டு நாளில் 1,180 ரூபாய் போய்விட்டது. பின் நம்பரை அவளே சொல்லிக் கொடுத்திருந்தாள், பால்காரருக்கு அனுப்பச் சொல்லி. அன்றே மாற்றினோம். பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியக் கூடாது. போனில் எது வாங்கினாலும் கடவுச்சொல் கேட்கும்படி அமைப்பை மாற்றி வையுங்கள். அந்த 1,180 ரூபாயை வாரம் 20 ரூபாயாக ஒரு வருஷத்துக்கு மேல் கட்டி வருகிறான். பற்று நோட்டில் அவன் பேரில் ஒரு பக்கம் போட்டிருக்கிறேன், மற்ற வாடிக்கையாளர்களுக்குப் போடுகிற மாதிரியே. கட்டினதும் அவனே வரவு எழுதுகிறான்.

பலிக்காத ஒன்றையும் சொல்கிறேன். காய்கறி வாங்க 200 ரூபாய் கொடுத்து, மிச்சம் உனக்கு என்றேன். வதங்கின கத்தரிக்காயும் கனிந்து உடைந்த தக்காளியும் வந்தன. மிச்சம் 70 ரூபாய். அவன் மேல் தப்பில்லை, நான் போட்ட கணக்கு அப்படி. இப்போது மிச்சம் வீட்டுக்கு, ஆனால் நல்ல காயாகக் கொண்டுவந்தால் அடுத்த வாரமும் அவன்தான் போவான். அதற்காகவே பார்த்துப் பார்த்து எடுக்கிறான். வாங்குவதில் ஆசை உள்ள பிள்ளைக்கு வாங்கும் வேலையைக் கொடுங்கள். முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து எடுக்க அவனுக்குத் தெரியும், மூத்தவளுக்குத் தெரியாது.

கொடுக்கிற பிள்ளை

சின்னவளைப் பார்த்து மனசு நிறையும். அப்படி நிறைந்துபோய்க் கவனிக்காமல் விட்டுவிடாதீர்கள். கொடுப்பதில் இரண்டு வகை இருக்கிறது. ஆச்சிக்கு விசிறி வாங்கினது ஒரு வகை. இரண்டாம் வகுப்பில் தினமும் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும் மிட்டாய் வாங்கிக் கொடுத்தாள். விசாரித்தால், கொடுக்காத நாளில் விளையாட்டில் சேர்க்க மாட்டார்களாம். அது கப்பம். யாருக்குப் போகிறது, கொடுக்காத நாளில் என்ன நடக்கிறது என்று மெதுவாகக் கேளுங்கள். நாங்கள் ஆசிரியையிடம் பேசினோம். வீட்டில் "இன்னைக்கு இல்லப்பா" என்று சொல்வதை நாடகம் போலச் சொல்லிச் சொல்லிப் பழக்கினோம். அண்ணன்தான் கேட்கிற பிள்ளையாக நடித்தான், நன்றாகவே கேட்டான். தர்ம டப்பாவில் இருக்கிறவரை கொடுக்கலாம், தீர்ந்தால் அடுத்த சனிக்கிழமை.

அவள் பேரில் செல்வமகள் கணக்கு போட்டிருக்கிறோம். பெண் பிள்ளைக்கு 10 வயது ஆகும் முன் தொடங்க வேண்டும், வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், 15 வருஷம் கட்ட வேண்டும். அது நாங்கள் அவளுக்காகச் சேர்ப்பது. அவள் காசு பழகுவது வேறு கணக்கு, இரண்டையும் கலக்காதீர்கள்.

பிள்ளைகளுக்குள்ளும் நமக்குள்ளும்

சேர்க்கிற பிள்ளையை வீட்டு வங்கி ஆக்கிவிடாதீர்கள். "தம்பிக்கு முந்நூறு குடும்மா, உன்கிட்டத்தான் இருக்கே" என்று நானே சொல்லியிருக்கிறேன். அது இரண்டு பேரையும் கெடுக்கும். அவர்களாகக் கொடுக்கல் வாங்கல் செய்தால் நோட்டில் எழுதிச் செய்யட்டும், தர மாட்டேன் என்று சொல்லும் உரிமை அவளுக்கு உண்டு. பெண் பிள்ளை என்றால் சிக்கனம், ஆம்பளப் பிள்ளை என்றால் "போகட்டும் விடு" என்கிற வழக்கம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. என் வீட்டில் மூத்தவள் ஒடுங்கினதற்கும் இவன் தளர்ந்ததற்கும் அதில் பங்குண்டு என்று நினைக்கிறேன்.

"அவளுக்கு மட்டும் ஏன் நோட்டு இல்ல, எனக்கு மட்டும் ஏன் நோட்டு?" என்று சண்டை வரும். காசு வயதுக்குத் தகுந்தபடி, சட்டம் ஆளுக்குத் தகுந்தபடி என்று ஒருமுறை உட்கார்ந்து சொல்லிவிட்டால் ஏற்றுக்கொள்வார்கள். மூன்று பேர் செருப்பு அளவும் ஒன்றா என்று சின்னவளே கேட்டாள்.

புருஷன் பெண்டாட்டி முதலில் தனியாகப் பேசிக்கொள்ள வேண்டும். நான் இறுக்கம், என் மனைவி தாராளம். "அப்பாகிட்ட சொல்லாத" என்று அவள் கொடுத்த ஒவ்வொரு பத்து ரூபாயும், நான் சொன்ன சட்டத்தை விடப் பெரிய பாடமாகப் போய்ச் சேர்ந்தது. இப்போது அவளுக்கென்று மாதம் 300 ரூபாய், பிள்ளைகளுக்கு எப்படி வேண்டுமானாலும் செலவழிக்கலாம், ஆனால் மறைக்காமல். ஆச்சியை மட்டும் யாராலும் நிறுத்த முடியவில்லை. பேரப்பிள்ளை கையில் காசு வைப்பது அவருக்கு உயிர். "குடுங்கம்மா, எங்க முன்னால குடுங்க" என்று கேட்டுக்கொண்டோம். சரி என்றார்.

மூத்தவள் அடுத்த வருஷம் கல்லூரி விடுதிக்குப் போவாள். போன ஞாயிற்றுக்கிழமை, மாதச் செலவை எழுதிக் கொடு என்றேன். மெஸ், பஸ், சோப்பு, ஜெராக்ஸ், போன் எல்லாம் ரூபாய் பிசகாமல் எழுதியிருந்தாள். கடைசியில் நான் போட்டிருந்த "சும்மா" என்ற வரிக்கு நேராக 0. திருப்பிக் கொடுத்தேன். அரை மணி நேரம் கழித்து 50 என்று வந்தது. மறுபடி திருப்பினேன். "எவ்வளவுதான்ப்பா எழுதணும்?" என்றாள். "சிநேகிதிங்க டீ குடிக்கக் கூப்பிட்டா போற அளவுக்கு" என்றேன். தாளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறாள், இன்னும் தரவில்லை.